துறைமுகத்துக் கணித மேதை

சென்னை மாநகரின் வடபகுதி உழைப்பின் உறைவிடம் ஆகும். கப்பல்கள் வந்து தங்கும் துறைமுகமும், இராயபுரமும், திருவொற்றியூரும், எண்ணூரும், மணலியும், மாத்தூரும் அப்பகுதியைச் சேர்ந்தவை. ஆலைகளின் ஓசையும் சரக்கு வண்டிகளின் ஓட்டமும் அங்கு இரவு பகலாக ஓய்வதில்லை. பொருள்களை எடையிட்டும் எண்ணியும் கணக்கெழுதும் அத்துறைமுகத்தில், ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் ஒருவர் பணியாற்றினார். அவர் எழுதிய துறைமுகக் கணக்கு அன்றன்றே முடிந்தது. அவர் எழுதிய மற்றொரு கணக்கோ இன்றும் முடியவில்லை. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அறிஞர்கள் அதனை ஆராய்ந்த வண்ணம் உள்ளனர். அவ்வெழுத்தரே கணித மேதை சீனிவாச இராமானுஜம் ஆவார்.

இராமானுஜம் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் புடைவைக் கடை ஒன்றில் கணக்கெழுதி வந்தார். அன்னையார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில் இராமானுஜம் வளர்ந்தார். செல்வம் அவ்வீட்டை எட்டிப் பார்த்ததில்லை. ஆயினும் ஒழுக்கமும் கல்வியில் ஆர்வமும் அங்கு நிறைந்திருந்தன.

1897ஆம் ஆண்டு நடைபெற்ற தொடக்கப்பள்ளித் தேர்வில் இராமானுஜம் மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். வருவாய்க் குறைவினால் அவர் வீட்டில் கல்லூரி மாணவர் இருவர்க்கு உணவும் உறையுளும் அளித்து வந்தனர். அவர்கள் அறிந்திருந்த கணிதம் முழுவதையும் இராமானுஜம் தமது பதினொன்றாம் வயதிலேயே கற்றுத் தீர்த்தார். பின்னர், கல்லூரி மாணவர் பயிலும் லோனி என்பவரது திரிகோண கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. பதின்மூன்று வயதிற்குள் அந்நூலையும் தாமே முயன்று கற்றுத் தேர்ந்தார்.

இளமையில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தவற்றுள் ஒன்று சமன்பாடு ஆகும். தெரியாத எண் ஒன்றைத் தெரிந்த செய்திகளைக் கொண்டு கண்டறிவதே சமன்பாட்டைத் தீர்த்தல் எனப்படும். தெரியாத எண் தனித்து நின்றால் அதனைக் காண்பது எளிது. அது தன்னையே பெருக்கிக்கொண்டு வர்க்கமாக நிற்குமாயின், அஃது இருபடிச் சமன்பாடு எனப்படும். அதனைத் தீர்க்கச் சிறிது நுண்ணறிவு வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டினால் இது விளங்கும். சதுர வடிவான நிலம் ஒன்று உள்ளது. அதன் ஒரு பக்கத்தை ஒட்டி, 6 அடி அகலமுள்ள நீண்ட துண்டு நிலம் அமைந்துள்ளது. இரண்டும் சேர்ந்து 40 சதுர அடி எனின், சதுரத்தின் பக்கம் எவ்வளவு? துண்டு நிலத்தை நீளவாட்டில் இரு கூறாக்குதல் வேண்டும். அவ்வாறு செய்தால் 3 அடி அகலமுள்ள இரு துண்டுகள் கிடைக்கும். அவற்றைச் சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் வைத்தால், ஒரு மூலை மட்டும் குறைந்த பெரிய சதுரம் உருவாகும். குறைந்த மூலையின் பரப்பு மூன்றை மூன்றால் பெருக்க வரும் 9 சதுர அடி. அதனையும் சேர்த்தால் பெரிய சதுரத்தின் பரப்பு 49 ஆகும். எனவே அதன் பக்கம் 7 அடி. அதில் 3 அடியை நீக்க, முதற் சதுரத்தின் பக்கம் 4 அடி எனக் கிடைக்கிறது. குறைந்ததை நிறைத்துச் சதுரமாக்கும் இம்முறையே இருபடிச் சமன்பாட்டின் உயிர்நிலை. எண்ணளவில் மட்டும் நோக்கினால், 49க்கு வர்க்கமூலம் 7 மட்டுமன்று; குறை 7உம் ஆகும். ஆகையால் குறை 10 என்னும் மற்றொரு விடையும் உண்டு. நிலத்தின் பக்கம் குறை எண்ணாக இருத்தல் இயலாது ஆதலின், அவ்விடை இங்கே விலக்கப்படுகிறது.

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியைப் பாரத நாட்டுக் கணித அறிஞர்கள் பண்டே அறிந்திருந்தனர். கி.பி. 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் தம் நூலில் அதற்குரிய விதியைக் கூறினார். பின்னர் ஸ்ரீதரர் என்பார் அதனை இன்னும் எளிமையாக்கினார். முப்படிச் சமன்பாட்டிற்கும் நாற்படிச் சமன்பாட்டிற்கும் உரிய பொது வழிகளை இத்தாலி நாட்டு அறிஞர்கள் கண்டனர். கார்டானோ என்பவர் அவற்றை 1545ஆம் ஆண்டு நூல் வடிவில் வெளியிட்டார்.

1902ஆம் ஆண்டு இராமானுஜம் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியைக் கற்றறிந்தார். அறிந்தவுடன் அவர் மனம் அமைதியுறவில்லை. நாற்படிச் சமன்பாட்டிற்கு வழி யாது என வினவத் தொடங்கியது. பிறர் கண்ட முறையைத் தேடிச் செல்லாமல், தமக்கெனத் தனி முறையொன்றைத் தாமே வகுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஐம்படிச் சமன்பாட்டைத் தீர்க்க முனைந்தார். பலவாறு முயன்றும் வழி புலப்படவில்லை.

அம்முயற்சி கைகூடாமைக்குக் காரணம் அவரது அறிவுக் குறைவு அன்று. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் காணல் என்னும் செயல்களை மட்டும் கொண்டு, எல்லா ஐம்படிச் சமன்பாடுகளையும் தீர்க்கும் பொது வாய்பாடு அமைதல் இயலாது. நார்வே நாட்டு இளைஞரான ஆபெல் என்பார் 1824ஆம் ஆண்டிலேயே இதனை மெய்ப்பித்திருந்தார். ஆபெலும் வறுமையில் வாடி, இருபத்தாறாம் வயதிலேயே உயிர் நீத்தவர். அவரும் பள்ளிப் பருவத்தில் ஐம்படிச் சமன்பாட்டைத் தீர்த்துவிட்டதாக முதலில் எண்ணிப் பின்பு பிழையுணர்ந்தவர். எண்பது ஆண்டுக்கு முன் ஐரோப்பாவில் முடிந்துபோன செய்தி, காவிரிக் கரையில் இருந்த பள்ளி மாணவர்க்கு எட்டவில்லை. வழிகாட்டும் ஆசிரியரும் நல்ல நூல்களும் இன்றித் தனித்துக் கற்பவர் அடையும் இடர்ப்பாடு எத்தகையது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

1903ஆம் ஆண்டில் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர்க்குக் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் கணித உண்மைகள் அந்நூலில் நிரல்பட அமைந்திருந்தன. ஆனால் அவற்றுக்குரிய நிறுவல்கள் விரிவாகத் தரப்படவில்லை. மற்றவர்க்கு அது குறையாகத் தோன்றலாம். இராமானுஜத்திற்கோ அதுவே விருந்தாயிற்று. ஒவ்வோர் உண்மையையும் தாமே ஆராய்ந்து தெளிந்தார். அத்தெளிவிலிருந்து புதிய உண்மைகள் பல பிறந்தன. அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார்.

1904ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்தபொழுது, கணிதத்திற்குரிய பரிசும் கல்லூரியில் பயில உதவித்தொகையும் பெற்றார். அப்பேறே சோதனையின் தொடக்கமாகவும் அமைந்தது. கணிதம் ஒன்றிலேயே ஆழ்ந்த அவர் மற்றப் பாடங்களில் கருத்துச் செலுத்தவில்லை. அதனால் உதவித்தொகை நின்றது. கும்பகோணம் கல்லூரியில் தொடர்ந்து பயில இயலவில்லை. 1906ஆம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் கணிதத்தில் சிறந்து பிற பாடங்களில் தவறினார். மறு ஆண்டு எழுதிய தேர்விலும் வெற்றி கிட்டவில்லை. பட்டம் இல்லை, பணி இல்லை, குறிப்பேடுகள் மட்டுமே அவர்பால் இருந்தன. 1909ஆம் ஆண்டு ஜானகி அம்மையாரை மணந்தபின், வேலை தேடும் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது.

1910ஆம் ஆண்டு இராமானுஜம் தம் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயர் அவ்வூரில் துணை ஆட்சியராக இருந்தார். அவர் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து வியந்தார். சிறு பணி ஒன்றில் அவரை அமர்த்தி அத்திறமையை முடக்க மனமின்றி, சென்னையிலிருந்த கணித அன்பர்களிடம் அனுப்பி வைத்தார். நெல்லூர் ஆட்சியராக விளங்கிய இராமச்சந்திர ராவ் அவர் நிலையை அறிந்து, சிறிது காலம் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். ஆயினும் உழைக்காமல் பெறும் உதவியில் நெடுநாள் வாழ இராமானுஜம் விரும்பவில்லை.

1911ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவரது முதற் கட்டுரை வெளிவந்தது. அதே இதழில் அவர் ஒரு வினாவையும் விடுத்தார். வர்க்கமூலத்திற்குள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் கோவை ஒன்றின் மதிப்பு யாது என்பதே அவ்வினா. ஒன்றோடு, இரண்டால் பெருக்கிய ஒரு மூலத்தைக் கூட்டி மூலம் காண வேண்டும். அவ்வுள் மூலத்திலோ, ஒன்றோடு மூன்றால் பெருக்கிய மற்றொரு மூலம் கூடி நிற்கும்; அதனுள் நான்கு; அதனுள் ஐந்து. இவ்வாறு அது முடிவின்றி நீளும். ஆறு திங்கள் கடந்தும் ஒருவரும் விடை கூறவில்லை. முடிவில் இராமானுஜமே விடையை வெளியிட்டார். அவ்விடை 3 ஆகும்.

அவ்விடையின் உட்பொருளைப் பள்ளி மாணவரும் உணரலாம். 3இன் வர்க்கம் 9. அஃது 1உடன், 2ஐ 4ஆல் பெருக்கிக் கூட்டியதற்குச் சமம். 4இன் வர்க்கம் 16. அஃது 1உடன், 3ஐ 5ஆல் பெருக்கிக் கூட்டியதற்குச் சமம். 5இன் வர்க்கம் 25. அஃது 1உடன், 4ஐ 6ஆல் பெருக்கிக் கூட்டியதற்குச் சமம். இங்ஙனம் ஒவ்வோர் எண்ணும் அடுத்த எண்ணைத் தன்னுள் அடக்கி நிற்கிறது. எளிய இருபடி உறவொன்றைப் படி மேல் படியாக அடுக்கி, அறிஞரும் விடை காணாத புதிர் ஒன்றை அவர் அமைத்தார்.

1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் இராமானுஜம் எழுத்தராகச் சேர்ந்தார். அக்கழகத்தின் தலைவர் பிரான்சிசு ஸ்பிரிங் என்னும் பொறியியல் அறிஞர். தலைமைக் கணக்கர் நாராயண ஐயர். நாராயண ஐயர் கணிதம் வல்லவர். இந்தியக் கணிதக் கழகத்தில் பொறுப்பும் வகித்தவர். துறைமுகத்திற்கு அருகில், சைவ முத்தையா முதலி தெருவில் இராமானுஜம் குடியிருந்தார். பகலில் அலுவலகப் பணியைச் செய்து முடித்து, ஓய்வு கிடைத்தபொழுதெல்லாம் கணித ஆராய்ச்சியில் ஈடுபட்டார். தாள் வாங்கப் போதிய பொருள் இன்மையால் கற்பலகையிலேயே கணக்கிட்டு, விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது அவர் வழக்கம்.

மாலை வேளைகளில் அவரும் நாராயண ஐயரும் பலகையும் கையுமாக அமர்ந்து கணக்கிடுவர். இராமானுஜம் பத்துப் படிகளை ஒரே படியில் தாண்டிச் செல்வார். நாராயண ஐயர் இடையிலுள்ள படிகளை விளக்குமாறு வற்புறுத்துவார். தமக்கு விளங்காதது பிறர்க்கும் விளங்காது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். தாம் கண்ட உண்மையைப் பிறர் ஏற்கும் வகையில் எடுத்துரைத்தலும் அறிஞர் கடமை என்னும் பாடத்தை இராமானுஜம் துறைமுகத்தில் கற்றார். மேலதிகாரிகள் இருவரும் அவரை வெறும் எழுத்தராகக் கருதவில்லை. அவர் ஆராய்ச்சி உலகறிய வேண்டும் என்று விரும்பி ஊக்கினர்.

அவ்வூக்கத்தின் பயனாக, 1913ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாள், கேம்பிரிட்ஜில் இருந்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜம் ஒரு மடல் எழுதினார். தாம் கண்ட கணித முடிவுகள் பலவற்றை அதனுடன் இணைத்தார். முன்னரே ஆங்கில நாட்டு அறிஞர் வேறு சிலர்க்கு எழுதிய மடல்களால் பயன் விளையவில்லை. ஹார்டியும் முதலில் ஐயுற்றார். பின்னர்த் தம் நண்பர் லிட்டில்வுட்டோடு கூடி ஆராய்ந்து, மடல் எழுதியவர் ஒப்பற்ற கணித அறிஞர் என்னும் முடிவிற்கு வந்தார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுஜத்திற்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. இரண்டு தேர்வுகளில் தவறியவர்க்குப் பல்கலைக்கழகம் தானே முன்வந்து வாயில் திறந்தது.

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் இராமானுஜம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். எந்தத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தாரோ, அங்கிருந்தே அறிஞராகப் புறப்பட்டார். கேம்பிரிட்ஜில் அவர்க்கு வாய்த்த நண்பருள் ஒருவர், பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிசு ஆவார். ஒரு நாள் இராமானுஜம் காய்கறி சமைத்துக்கொண்டிருக்கையில், மகலனோபிசு இதழ் ஒன்றில் கண்ட புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகள் ஒன்று முதல் வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டிற்கு முன்னுள்ள வீட்டு எண்களின் கூட்டுத்தொகையும் பின்னுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேலும் ஐந்நூறுக்கு உள்ளும் இருப்பின், அவ்வீட்டின் எண் யாது? மகலனோபிசு முயன்று விடை கண்டிருந்தார். இராமானுஜமோ சமையலை நிறுத்தாமலே, அப்புதிருக்கு மட்டுமன்றி அத்தகைய தெருக்கள் எல்லாவற்றிற்கும் பொருந்தும் விடையைத் தொடர் பின்னமாகக் கூறினார்.

எட்டு வீடுகள் உள்ள தெருவில் ஆறாம் வீடு அத்தகையது. முன்னுள்ளவற்றின் தொகையும் பின்னுள்ளவற்றின் தொகையும் 15 ஆகும். 288 வீடுகள் உள்ள தெருவில் 204ஆம் வீடு அத்தகையது. புதிரின் விடையும் அதுவே. அப்புதிர் தெரியாத எண்கள் இரண்டு கொண்ட இருபடிச் சமன்பாடாக அமைவதாகும். அத்தகைய சமன்பாடுகளுக்கு முழு எண்களில் விடை காணும் வழியைப் பிரம்மகுப்தர் பன்னிரண்டு நூற்றாண்டுக்கு மேலாக முன்னரே ஆராய்ந்திருந்தார் என்பது நினைந்து மகிழத்தக்கது.

முதல் உலகப் போர் மூண்ட காலம் அது. மரக்கறி உணவு மட்டுமே கொள்ளும் இராமானுஜத்திற்கு ஏற்ற உணவு கிடைத்தல் அரிதாயிற்று. குளிரும் தனிமையும் வருத்தின. 1917ஆம் ஆண்டு அவர் நோய்வாய்ப்பட்டார். அந்நிலையிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1918ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் ஆனார். அக்கல்லூரியில் அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. நோயுற்றுக் கிடந்த அவரைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வண்டியின் எண் 1729 என்றும் அது சிறப்பில்லாத எண் என்றும் குறிப்பிட்டார். இராமானுஜம் உடனே அதனை மறுத்தார். இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்று விளக்கினார். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும், 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729 வருதல் காணலாம்.

சென்னைப் பல்கலைக்கழகம் அவர்க்கு ஆண்டிற்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. அதனை அறிந்த இராமானுஜம், பெற்றோர்க்கு ஒரு பகுதி அளித்துத் தம் செலவு போக எஞ்சும் தொகையை, ஏழை மாணவரும் பெற்றோரற்ற சிறுவரும் கட்டணம் செலுத்தவும் நூல்கள் பெறவும் பயன்படுத்துமாறு பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொண்டார். கட்டணம் செலுத்த வழியின்றியும் நல்ல நூல் இன்றியும் தாம் பட்ட துன்பத்தை அவர் மறக்கவில்லை.

1919ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். நோய் தணியவில்லை. படுக்கையில் இருந்தவாறே புதிய கணித முடிவுகளை எழுதினார். ஜானகி அம்மையார் அருகிலிருந்து பேணினார். 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் இராமானுஜம் இயற்கை எய்தினார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பத்திரண்டு.

அவருடைய குறிப்பேடுகள் 1957ஆம் ஆண்டு பம்பாயில் அவர் கையெழுத்திலேயே படியெடுத்து வெளியிடப்பட்டன. இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் நெடுங்காலம் ஒருவரும் அறியாமல் கிடந்தன. 1976ஆம் ஆண்டு ஜார்ஜ் ஆண்ட்ரூசு என்னும் அமெரிக்க அறிஞர் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். அவர் பிறந்த நாளான டிசம்பர் 22, 2012ஆம் ஆண்டு முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. வடசென்னையில், அவர் பணியாற்றிய துறைமுகத்திற்கு அணித்தான இராயபுரத்தில், அவர் பெயரால் 1993ஆம் ஆண்டு ஓர் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது.

இராமானுஜத்தின் வாழ்க்கை இளைஞர்க்கு இரு உண்மைகளை அறிவுறுத்துகின்றது. விடை கிட்டாத கணக்கின்பொருட்டுச் செலவிட்ட உழைப்பு வீணாவதில்லை. ஐம்படிச் சமன்பாட்டோடு போராடிய உள்ளமே பின்னர் அரிய உண்மைகளைக் கண்டது. ஆற்றல் உடையவர்க்கும் அறிந்து போற்றுவோர் தேவை. இராமசாமி ஐயரும், நாராயண ஐயரும், ஹார்டியும் இலரேல் அக்குறிப்பேடுகள் பழந்தாள்களாகவே மறைந்திருத்தல் கூடும். திறமை எவ்வீட்டில், எத்தெருவில், எவ்வலுவலகத்தில் ஒளிந்திருப்பினும் அதனைக் கண்டு வெளிக்கொணர்தல் நல்ல சமுதாயத்தின் கடன் ஆகும்.